பென்ஷன் வரிச்சலுகை முழுதாக வந்து சேருகிறதா? பிரிட்டனில் சம்பளம் வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

கடையோ, கேர் ஹோமோ, மருத்துவமனையோ, ஐடி கம்பெனியோ, பிரிட்டனில் எங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் பே ஸ்லிப்பில் பெரும்பாலும் ‘பென்ஷன்’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். அதற்கு வரியில் சலுகை உண்டு என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அந்தச் சலுகை எந்த வழியாக வருகிறது, தானாக வருமா, கேட்டால்தான் வருமா என்பதைத்தான் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். கேட்காததால் வராமலே போகும் பணம் சிலருக்கு வருடத்துக்கு 400 பவுண்டுக்கும் மேல். கீழே உள்ள கணக்குகள் 2025-26 வரி ஆண்டின் வரம்புகளை வைத்துப் போட்டவை. வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் அடிப்படை. வயதான காலத்துக்கென்று ஒதுக்கும் பணத்துக்கு இப்போது வருமான வரி வேண்டாம், பிற்பாடு எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டுக்கொடுப்பதுதான் இந்தச் சலுகை. வருமானத்தில் முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீதம், அதைத் தாண்டினால் 40, 1,25,140-ஐத் தாண்டினால் 45. ஆகவே 20 சதவீத வரி கட்டுகிறவர் பென்ஷன் கணக்கில் 100 பவுண்டு சேர்க்க அவர் கையிலிருந்து போவது 80 பவுண்டுதான். 40 சதவீதக்காரருக்கு 60. முழுச் சலுகையும் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு.

2. சலுகை வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. உங்களுக்கு எந்த வழி என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை; வேலை கொடுக்கும் நிறுவனமும் பென்ஷன் திட்டமும் முடிவு செய்கின்றன. ஆனால் எது என்று தெரிந்திருக்க வேண்டியது நீங்கள்தான்.

‘நெட் பே’ முறையில், வரி கணக்கிடுவதற்கு முன்பே பென்ஷன் பணத்தைச் சம்பளத்திலிருந்து கழித்துவிடுவார்கள். மிச்சத்துக்குத்தான் வரி. 20 சதவீதமோ 40 சதவீதமோ, முழுச் சலுகையும் அந்த மாதமே கிடைத்துவிடும். நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என்எச்எஸ் பென்ஷன், ஆசிரியர் பென்ஷன், கவுன்சில் ஊழியர் பென்ஷன் எல்லாம் இந்த வகை.

‘ரிலீஃப் அட் சோர்ஸ்’ முறையில், முழுச் சம்பளத்துக்கும் வரி பிடித்த பிறகு பென்ஷன் பணத்தை எடுப்பார்கள். பென்ஷன் நிறுவனம் வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் 20 சதவீதத்தைக் கேட்டு வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும். நீங்கள் 80 போட்டால் அது 100 ஆகும். சிறு கடைகளிலும் நிறுவனங்களிலும் நிறையப் பேர் வைத்திருக்கும் ‘நெஸ்ட்’ இந்த வகை. இதில் 20 சதவீதம் மட்டுமே தானாக வரும். அதற்கு மேல் உரியது இருந்தால் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது ‘சாலரி சாக்ரிஃபைஸ்’. உங்கள் சம்பளத்தையே ஒப்பந்தப்படி அந்த அளவு குறைத்துக்கொண்டு, குறைத்த தொகையை நிறுவனம் தன் பங்காகப் பென்ஷனில் போடும். இதில் வருமான வரியோடு நேஷனல் இன்சூரன்ஸும் மிச்சம்.

3. எந்த வழி என்று பே ஸ்லிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். வருடம் 30,000, அதாவது மாதம் 2,500 பவுண்டு சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படியான குறைந்தபட்சப் பங்கு, மாதத்தின் முதல் 520 பவுண்டை விட்டு மிச்சமுள்ள 1,980-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் உங்கள் பங்கு 5 சதவீதம், 99 பவுண்டு. இப்போது பே ஸ்லிப்பில் இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள்: மொத்தச் சம்பளம், வரிக்குரிய சம்பளம்.

மொத்தம் 2,500 என்றும் வரிக்குரியது 2,401 என்றும் இருந்து, பென்ஷன் பிடித்தம் 99 என்று போட்டிருந்தால் அது நெட் பே. மொத்தமும் வரிக்குரியதும் இரண்டுமே 2,500 என்று இருந்து, பிடித்தம் 79.20 என்றிருந்தால் ரிலீஃப் அட் சோர்ஸ், மிச்சம் 19.80 வரித்துறையிடமிருந்து பென்ஷன் கணக்குக்குப் போகும். மொத்தச் சம்பளமே 2,401 ஆகக் குறைந்திருந்தாலோ, சம்பள வரிசையில் மைனஸ் 99 என்று ஒரு பதிவு இருந்தாலோ அது சாலரி சாக்ரிஃபைஸ்.

கையில் வருவது எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். முதல் இரண்டு வழியிலும் வரி, நேஷனல் இன்சூரன்ஸ் எல்லாம் போக 2,014.14 பவுண்டு. பைசா பிசகாமல் ஒன்றேதான். மூன்றாவது வழியில் 2,022.06. மாதம் 7.92, வருடத்துக்கு 95 பவுண்டு கூடுதல். 20 சதவீத வரிக்காரருக்கு வழிகளுக்குள் இருக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். நிஜமான வித்தியாசம் இதற்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கும் இதற்கு மேலே சம்பாதிப்பவர்களுக்கும்தான்.

4. ‘பிடித்தம் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஈஸ்ட் ஹாமில் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, பென்ஷனை நிறுத்திட்டா மாசம் எண்பது பவுண்டு கையில நிக்கும்ல? வாடகைக்கு ஆகுமே.” நிற்கும், உண்மைதான். ஆனால் மேலே சொன்ன அதே சம்பளத்தில் அவர் கையிலிருந்து போகும் 79.20-க்கு வரித்துறை 19.80 சேர்க்கிறது, கடைக்காரர் குறைந்தது 3 சதவீதம், 59.40 சேர்க்கிறார். மொத்தம் 158.40. போட்ட பணம் போட்ட அன்றே இரட்டிப்பு. “அப்போ நிறுத்தினா எண்பதை மிச்சப்படுத்தல, இன்னொரு எண்பதைத் தூக்கிக் குடுக்குறேன்னு சொல்லுங்க” என்றார். அதேதான்.

வாடகைக்கே திண்டாட்டம், அதிக வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் நிலைமை வேறு. அப்போது விலகுவதைத் தப்பு சொல்ல மாட்டேன். புதிதாகச் சேர்த்த ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணம் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு விலகினால் அதுவரை போட்டது பொதுவாகப் பென்ஷன் கணக்கிலேயே இருக்கும். விலகியவர்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை நிறுவனம் மறுபடி சேர்க்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னொன்றும் அழுத்திச் சொல்ல வேண்டும். விலகும்படி உங்களைத் தூண்டவோ, விலகினால்தான் வேலை என்று சொல்லவோ எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. அது சட்டவிரோதம். விலகும் படிவமும் பென்ஷன் நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும். முதலாளியே நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘த பென்ஷன்ஸ் ரெகுலேட்டர்’ என்ற அமைப்பிடம் புகார் செய்யலாம். ஊர்க்காரர், தெரிந்தவர் என்ற தயக்கத்தில் இதை விட்டுக்கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

5. வருடம் 12,570-க்குக் கீழே சம்பாதிக்கிறீர்களா? உங்களுக்கு வரியே கிடையாது. அப்புறம் என்ன வரிச்சலுகை என்று தோன்றும். ரிலீஃப் அட் சோர்ஸ் முறையில் வரி கட்டாதவருக்கும் அந்த 20 சதவீதம் வரும். நெட் பே முறையில் வராது, கழிக்க வரியே இல்லாததால். வருடம் 11,500 வாங்கும் பகுதிநேர ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். 6,240-க்கு மேல் உள்ள 5,260-ல் 5 சதவீதம் 263 பவுண்டு. நெஸ்ட் போன்ற திட்டத்தில் இருந்தால் அவர் கையிலிருந்து போவது 210.40. நெட் பே திட்டத்தில் இருந்தால் 263 முழுதும் அவர் கையிலிருந்தே போகும். ஒரே சம்பளம், ஒரே வேலை, 52.60 வித்தியாசம்.

பல வருடங்கள் இருந்த இந்தக் குறையைச் சரிசெய்ய 2024-25 வரி ஆண்டிலிருந்து அரசாங்கம் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. நெட் பே திட்டத்தில் உள்ள குறைந்த வருமானக்காரர்களுக்கு அந்த 20 சதவீதத்தை, வரி ஆண்டு முடிந்த பிறகு வரித்துறையே நேரடியாகத் தரும். பென்ஷன் கணக்குக்கு அல்ல, உங்கள் வங்கிக் கணக்குக்கு. உரியவர்களுக்கு வரித்துறை தகவல் அனுப்பும். ஆகவே வீடு மாறினால் எச்எம்ஆர்சியிடம் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்தால் பணம் வராது. அதே சமயம், வரித்துறை பெயரில் வரும் குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பைத் தொட்டு வங்கி விவரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்; நீங்களாக அரசின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

6. இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. 22 வயதுக்கு மேல், ஓய்வூதிய வயதுக்குக் கீழ், ஒரே வேலையில் வருடம் 10,000 பவுண்டுக்கு மேல் என்றால்தான் தானாகச் சேர்ப்பார்கள். பகலில் பெட்ரோல் ஸ்டேஷன், மாலையில் ரெஸ்டாரன்ட் என்று இரண்டிலும் 9,000 வாங்குபவருக்கு மொத்தம் 18,000; ஆனால் இரண்டு இடத்திலுமே தானாகச் சேர்க்க மாட்டார்கள். அவர் கேட்கலாம். 6,240-க்கு மேல் சம்பளம் இருந்து, என்னைச் சேருங்கள் என்று எழுதிக் கேட்டால், முதலாளி சேர்த்தே ஆக வேண்டும்; தன் பங்கையும் போட்டே ஆக வேண்டும். 16 வயதிலிருந்து 21 வரை உள்ளவர்களுக்கும் இதே உரிமை உண்டு. “என்னைப் பென்ஷன் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரு வரி, தேதி, கையெழுத்து. மின்னஞ்சலே போதும்.

கணக்கில் காட்டாமல் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் சம்பளம் இதில் சேராது. அதற்கு முதலாளி பங்கும் இல்லை, வரிச்சலுகையும் இல்லை.

7. சம்பளம் 50,270-ஐத் தாண்டிவிட்டதா? இந்தக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். நிறையப் பேர் பணத்தை விடுவது இங்கேதான். வருடம் 60,000 வாங்குபவர், ரிலீஃப் அட் சோர்ஸ் திட்டத்தில், குறைந்தபட்சப் பங்கு மட்டும் போடுகிறார். 6,240-க்கும் 50,270-க்கும் இடைப்பட்ட 44,030-ல் 5 சதவீதம், 2,201.50. அவர் கையிலிருந்து 1,761.20 போகிறது, 440.30-ஐ வரித்துறை பென்ஷன் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அவர் அந்தப் பணத்துக்கு 40 சதவீத வரி கட்டியிருக்கிறார். 20 திரும்பியது; இன்னொரு 20, மறுபடி ஒரு 440.30, அவருக்கு உரியது. அதைப் பென்ஷன் நிறுவனம் கேட்காது. வரித்துறையும் தானாகத் தராது.

செல்ஃப் அசெஸ்மென்ட் தாக்கல் செய்பவர் அந்தப் படிவத்திலேயே எழுதலாம். தாக்கல் செய்யாதவர் எச்எம்ஆர்சியின் இணையதளத்தில் தனிக் கோரிக்கையாகக் கேட்கலாம். எவ்வளவு போட்டீர்கள் என்பதற்கான பென்ஷன் நிறுவனச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோரிய பணம் பென்ஷனுக்குப் போவதில்லை. வரி திரும்பி வருவதாகவோ, டாக்ஸ் கோடை மாற்றி மாதச் சம்பளத்தில் வரி குறைவதாகவோ உங்களிடமே வரும்.

முன் வருடங்களுக்கும் கேட்கலாம். அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை அவகாசம். 2022-23-க்குக் கேட்க 2027 ஏப்ரல் 5 கடைசி நாள். நான்கு வருடமாகக் கேட்காமல் இருந்தவருக்கு 440.30 வீதம் 1,761.20. அவர் கையிலிருந்து ஒரு வருடம் முழுதும் போன பணம் அப்படியே திரும்புகிறது.

8. படிவத்தில் எழுதும்போது வரும் தவறு ஒன்று. ரிலீஃப் அட் சோர்ஸ்காரர்கள் பே ஸ்லிப்பில் பிடித்த தொகையை அப்படியே எழுதிவிடுகிறார்கள். வேண்டியது, 20 சதவீதமும் சேர்ந்த தொகை. பிடித்ததை 1.25-ஆல் பெருக்குங்கள்: 1,761.20 பெருக்கல் 1.25, 2,201.50. முதலாளி போட்ட பங்கை இதில் சேர்க்கக் கூடாது.

நெட் பே, சாலரி சாக்ரிஃபைஸ்காரர்கள் இந்தக் கட்டத்தில் எதுவும் எழுதக் கூடாது. முழுச் சலுகையும் முன்பே வந்துவிட்டது. தெரியாமல் எழுதி ரீஃபண்ட் வாங்கிவிட்டால், பின்னால் வரித்துறை வட்டியோடு திருப்பிக் கேட்கும். என்எச்எஸ் நர்சுகளுக்கு ‘உங்களுக்கு பென்ஷன் ரீஃபண்ட் வாங்கித் தருகிறோம், கமிஷன் மட்டும் போதும்’ என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள்.

9. சாலரி சாக்ரிஃபைஸ் கிடைத்தால் பெரும்பாலோருக்கு அதுவே லாபம். 20 சதவீத வரிக்காரருக்கு 8 சதவீத நேஷனல் இன்சூரன்ஸும் சேர்ந்து மிச்சமாவதால் 100 பவுண்டுக்குக் கையிலிருந்து போவது 72. 40 சதவீதக்காரருக்கு 58. ஸ்டூடண்ட் லோன் கட்டுபவருக்கு அந்தப் பிடித்தமும் கொஞ்சம் குறையும். நிறுவனத்துக்கும் 15 சதவீத நேஷனல் இன்சூரன்ஸ் மிச்சம். அதில் ஒரு பகுதியை ஊழியரின் பென்ஷனில் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. எங்களுக்குச் சேர்க்கிறீர்களா என்று எச்ஆரிடம் கேட்டுப் பாருங்கள்.

பார்த்துச் செய்ய வேண்டிய இடங்களும் உண்டு. ஒப்பந்தச் சம்பளமே குறைவதால் வீட்டுக் கடன் கொடுப்பவர்கள் குறைந்த சம்பளத்தைப் பார்க்கலாம், முன்கூட்டியே விசாரியுங்கள். சட்டப்படியான மகப்பேறு கால ஊதியம், பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முந்தைய வாரத்தோடு முடியும் சுமார் எட்டு வாரச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்த வாரங்களில் சம்பளம் குறைந்திருந்தால் முதல் ஆறு வாரம் கிடைக்கும் 90 சதவீதமும் குறையும். குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிகள் இதை முதலிலேயே எச்ஆரிடம் பேசிவிடுவது நல்லது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகும்படி சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது.

2029 ஏப்ரலிலிருந்து ஒரு மாற்றமும் வருகிறது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தபடி, இந்த வழியில் வருடத்துக்கு 2,000 பவுண்டு வரைதான் நேஷனல் இன்சூரன்ஸ் சலுகை. அதற்கு மேலும் போடலாம். வருமான வரிச் சலுகை அப்படியே இருக்கும். நம் 30,000 சம்பளக்காரர் போடுவது வருடம் 1,188 என்பதால் அவருக்கு ஒன்றும் மாறாது.

10. பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஒருவருடைய வருமானம் 60,000-ஐத் தாண்டினால் சைல்ட் பெனிஃபிட் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வரியாகத் திரும்ப வாங்குவார்கள். ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் 1 சதவீதம். 80,000-ல் முழுதும் போய்விடும். இங்கே பார்க்கப்படுவது பென்ஷன் பணம் கழித்த வருமானம். பென்ஷன் கழித்த பிறகும் 66,000 நிற்கிறது, இரண்டு பிள்ளைகள் என்று வையுங்கள். 2025-26-ல் இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 2,251.60 வருகிறது. அதில் 30 சதவீதம், 675 பவுண்டு, திரும்பக் கட்ட வேண்டும். இவர் கூடுதலாக 6,000 பவுண்டைப் பென்ஷனில் போட்டால் 60,000-க்கு இறங்கிவிடுவார். 40 சதவீத வரிச்சலுகையில் அந்த 6,000-க்கு ஆகும் செலவு 3,600, 675-ம் மிச்சம். ஆக 2,925 பவுண்டு செலவில் 6,000 பவுண்டு சேமிப்பு. சைல்ட் பெனிஃபிட்டை ‘எப்படியும் திரும்பக் கட்டணும்’ என்று விட்டுவிட்ட குடும்பங்கள் இந்தக் கணக்கை ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

11. ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டுகிற டாக்டர்களுக்கும் ஐடிக்காரர்களுக்கும்: ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் 1 பவுண்டு வீதம் உங்கள் வரியில்லா வரம்பு கரைகிறது. 1,00,000-க்கும் 1,25,140-க்கும் இடையில் உண்மையான வரி 60 சதவீதம். 1,10,000 வாங்குபவர் 10,000-ஐப் பென்ஷனில் போட்டால் வரியில் 6,000 மிச்சம். ஒரு லட்சத்தை ஒரு பவுண்டு தாண்டினாலும் சிறு பிள்ளைகளுக்கான டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேரும், வேலைக்குப் போகும் பெற்றோருக்கான இலவசப் பராமரிப்பு நேரமும் போய்விடும் என்பது இதைவிடப் பெரிய இழப்பாகக்கூட இருக்கலாம். போனஸ் வருகிற மாதத்துக்கு முன்பே எச்ஆரிடம் சொல்லி வையுங்கள்.

12. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு விகிதங்கள் வேறு: 21, 42, 45, 48 என்று படிகள் உண்டு. ரிலீஃப் அட் சோர்ஸில் அங்கேயும் 20 மட்டுமே தானாக வரும். 21 சதவீதம் கட்டுபவர்கூட அந்த ஒரு சதவீதத்தைக் கேட்டு வாங்கலாம்.

13. யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பமா? அந்த உதவித்தொகைக்காக உங்கள் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கும்போது நீங்கள் பென்ஷனுக்குப் போட்ட பணத்தைக் கழித்துவிட்டுத்தான் எடுப்பார்கள். கழிந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவித்தொகை 55 பென்ஸ் வரை கூடும்.

14. வீட்டைக் கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ கணவனுக்கோ வருமானமே இல்லாவிட்டாலும், 75 வயதுக்குள் இருந்தால், அவர் பெயரில் ஒரு தனியார் பென்ஷன் கணக்கில் வருடம் 2,880 பவுண்டு வரை போடலாம். அரசாங்கம் 720 சேர்த்து 3,600 ஆக்கும். மாதம் 40 பவுண்டு போட்டாலும் அது 50 ஆகும். வேலைக்குப் போகாதவர் பெயரில் ஓய்வுக் காலத்துக்கென்று தனிப் பணம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வீட்டு வேலைக்குப் பென்ஷன் தரும் முதலாளி எங்கேயும் இல்லை.

15. உச்சவரம்பு பெரும்பாலோரைத் தொடாது. உங்கள் பங்குக்கு அந்த வருடச் சம்பளம் எவ்வளவோ அதுவரை சலுகை உண்டு. முதலாளி பங்கும் சேர்த்து வருடம் 60,000 பவுண்டு. முந்தைய மூன்று வருடம் பயன்படுத்தாத பாக்கியையும் எடுத்துக்கொள்ளலாம். மிக அதிக வருமானக்காரர்களுக்கு இது படிப்படியாகக் குறையும். என்எச்எஸ் டாக்டர்களுக்கு இந்த 60,000-ஐப் போட்ட பணத்தை வைத்து அல்ல, பென்ஷன் உரிமை எவ்வளவு வளர்ந்தது என்பதை வைத்துக் கணக்கிடுவார்கள். சம்பளம் ஒரேயடியாக உயர்ந்த வருடத்தில் விவரம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

16. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு. விசா முடிந்து போகும்போது பென்ஷன் பணத்தைக் கையோடு எடுத்துப் போக முடியாது. எடுக்கும் வயது இப்போது 55. 2028 ஏப்ரல் 6 முதல் 57. பணம் உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும். எங்கிருந்தும் பிற்பாடு கேட்டு வாங்கலாம். என்எச்எஸ் போன்ற திட்டங்களில் இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவர்கள் தாங்கள் போட்டதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ‘55-க்கு முன்னாலேயே எடுத்துத் தருகிறோம்’ என்று யாராவது ஃபோன் செய்தால் அது மோசடி. அப்படி எடுத்த பணத்துக்கு 55 சதவீதம் வரை வரி விழும், எடுத்துக் கொடுத்தவன் தின்றது போக.

போகும் முன் ஒவ்வொரு பென்ஷன் நிறுவனத்திலும் உங்கள் சொந்த மின்னஞ்சலைப் பதிவு செய்யுங்கள். அலுவலக மின்னஞ்சல் வேலையை விட்ட அன்றே செத்துவிடும். உங்களுக்குப் பிறகு பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நியமனப் படிவத்தையும் நிரப்புங்கள். பழைய வேலையின் பென்ஷன் எங்கே என்றே தெரியாதவர்கள் அரசின் இலவசமான ‘பென்ஷன் டிரேஸிங் சர்வீஸ்’ மூலம் தேடலாம்.

17. எடுக்கும்போது என்ன ஆகும்? பொதுவாகக் கால் பங்குக்கு வரி இல்லை, மொத்தம் 2,68,275 பவுண்டு வரை. மிச்சம் முக்கால் பங்கு அந்த வருட வருமானமாகி வரிக்கு உட்படும். 80 போட்டு 100 ஆனதை, வளர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் அப்படியே எடுத்தால், 25 வரியில்லாமல் வரும். 75-க்கு 20 சதவீதம் போக 60 வரும். மொத்தம் 85. முதலாளி பங்கு இதில் சேரவில்லை.

முழு அரசாங்கப் பென்ஷன் 2025-26-ல் வாரம் 230.25, வருடம் சுமார் 11,973. வரியில்லா வரம்பான 12,570-ஐ அது ஒன்றே கிட்டத்தட்ட நிரப்பிவிடும். அதனால் வேலைப் பென்ஷனுக்கு வரியே வராது என்று எண்ணித் திட்டமிட வேண்டாம். எடுப்பதை ஒரே வருடத்தில் மொத்தமாக எடுக்காமல் பிரித்து எடுத்தால் 40 சதவீதப் படிக்கு ஏறாமல் தப்பிக்கலாம். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ‘பென்ஷன் வைஸ்’ என்ற அரசுச் சேவையில் இலவச ஆலோசனை உண்டு. மொழி தடையாக இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

18. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். கடைசி பே ஸ்லிப், பென்ஷன் நிறுவனத்தின் ஆண்டு அறிக்கை, போன வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி60, மூன்றும் போதும். பே ஸ்லிப்பில் பிடித்த பணம் பென்ஷன் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதம் மாதமாக டிக் அடியுங்கள். ரிலீஃப் அட் சோர்ஸ் என்றால் 20 சதவீதம் தனிப் பதிவாகத் தெரியும். அது சில வாரம் தாமதமாக வரும், பதற வேண்டாம். சம்பளத்தில் பிடித்தும் கணக்கில் ஏறாத மாதம் இருந்தால் முதலில் எச்ஆருக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பென்ஷன் நிறுவனத்துக்கு. அதன் பிறகு ரெகுலேட்டருக்கு. கூடுதலாகப் போட நினைப்பது இருந்தால் ஏப்ரல் 5-க்குள் கணக்கில் ஏறும்படி போடுங்கள். சம்பளத்தின் வழியாகப் போடுவதானால் பேரோல் மூடும் தேதி மார்ச் நடுவிலேயே வந்துவிடும்.